தவனத்தில் கற்பூரம்

தவனத்தைப் பூக்கடையில் பார்த்திருப்பீர்கள். மல்லிகைச் சரத்துக்கு நடுவே சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் ஒரு இலையைச் செருகிக் கட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் மரிக்கொழுந்து என்போம். அந்தச் செடியை வண்டி வண்டியாக அறுத்து, நிழலில் வாடப்போட்டு, பெரிய அண்டாவில் அடைத்து, கீழிருந்து நீராவியை விட்டால் ஒரு எண்ணெய் வரும். ஒரு வண்டிச் செடிக்கு ஒரு சொம்பு எண்ணெய் கண்டால் அதிகம். வெளிநாட்டில் சென்ட் செய்கிறவர்களும், வாசனை எண்ணெயைத் தேய்த்தும் முகரவைத்தும் வைத்தியம் பார்க்கிறவர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள் என்று மைசூருக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். அதுவரை தவனம் எனக்குப் பூக்காரிகள் முழத்தில் பூவைக் குறைப்பதற்காகச் செருகும் இலை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பருவம் முழுக்க அந்த எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் வேலை செய்தேன். எத்தனையோ இடத்தில் அடிபட்டிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன். அவற்றை நினைத்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. அந்த ஒரு பருவத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வீட்டில் எல்லோரும் கட்டட வேலைக்கு மைசூர் வந்தார்கள், நானும் வந்தேன். அவர்கள் வேலையில் நிலைத்தார்கள், நான் நிலைக்கவில்லை. கொள்ளேகாலில் பட்டுநூல் எடுக்கும் கொட்டகையில் கொஞ்ச காலம் இருந்தேன். வெந்த புழுவின் நாற்றம் துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. விஜயநகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே கம்பி கட்டினேன். பிறகு மண்டி மொகல்லாவில் ஒரு பாயிடம் ஊதுவத்தியை சென்ட்டில் முக்கி எடுக்கும் வேலை. கைத்தோல் உரிந்து, எப்போதும் தலைவலியாகி, அதையும் விட்டேன். கன்னடம் பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்துக்கொண்டதுதான். தமிழும் ஏறக்குறைய அப்படியே.

பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹனூர் அண்ணன் கிடைத்தார். கொள்ளேகாலிலிருந்து வந்த பஸ்ஸின் கூரைமேல் சுருள் சுருளாக ஒரு குழாயைக் கட்டிக் கொண்டுவந்து, இறக்க ஆள் இல்லாமல் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். தமிழில் முனகியதைக் கேட்டுவிட்டு நான் ஏறி இறக்கிக் கொடுத்தேன். அந்தக் குழாயோடு சேர்ந்து நானும் டெம்போவில் ஏறி அவர் கொட்டகைக்குப் போய்விட்டேன். சம்பளம் பேசவில்லை. சாப்பாடும் பாய்லர் பக்கத்தில் படுக்க இடமும் இருந்தது, போதும் என்று தோன்றியது.

டி. நரசீபுரம் போகும் சாலையில் மைசூர் ஊர் முடிகிற இடத்தில் அந்தக் கொட்டகை. பின்னால் குத்தகை நிலம், முழுக்கத் தவனம். அண்ணனுக்கு ஹனூரில் சொந்த நிலம் இருந்தது. ராகியும் கரும்பும் விளையும் நிலம். தன் பங்கைத் தம்பிகள் உழுதுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தார். அது தானாக விட்டுக்கொடுத்த பங்குதான், ஆனால் திரும்பிப் போய்க் கேட்டால் தம்பிகள் எந்த முகத்தோடு கொடுப்பார்கள் என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. அவரைவிட அதிகமாக அதை நினைத்தது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கூட்டுக் குடும்பத்தில் அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்று அவள் சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், கொட்டகைக்கு வெளியே மூன்று கல்லை வைத்து ராகிக்களி கிண்டிக்கொண்டே, "இது கல்லுதான். ஆனா என்ற அடுப்பு" என்றாள். அவளுக்கு இந்த எண்ணெய் தேற வேண்டும், அவ்வளவுதான். தேறாவிட்டால் ஓரகத்திகளின் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும்.

தேறுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் விஜயநகரில் ஒரு சார். ஏதோ கம்பெனியில் கெமிஸ்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது மைசூர், பாதிப் பேச்சு கன்னடத்தில் போகும். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் சின்னச் சின்ன அலுமினியப் புட்டிகளாக அடுக்கி வைத்திருப்பார். செண்பகப்பூ எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், கோரைக்கிழங்கு எண்ணெய் என்று லேசில் கிடைக்காத சரக்காகச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். போன பருவத்தில் அண்ணன் ஒரு சின்னப் பானையில் கொஞ்சம் தவனம் காய்ச்சிக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். சார் அதை அனுப்பி வைத்தார். அந்தக் கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. அடுத்த அறுவடை முழுவதும் இதே மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்கிறோம், பிறகு வருஷா வருஷம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். செடியும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் கட்டளை. அதை நம்பித்தான் இந்த அண்டா, இந்தக் குழாய், இந்தக் குத்தகை எல்லாம்.

பிப்ரவரியில் செடி மொட்டுவிட்டது. அறுக்க ஆரம்பித்தோம். அறுத்ததை நிழலில் பரப்பி வாடவிட வேண்டும். மழை நனைத்தால் போச்சு, வெயில் பட்டாலும் எண்ணெய் போய்விடும். வாடிய செடியை அண்டாவில் போட்டு நான் உள்ளே இறங்கி மிதிப்பேன். இடைவெளி இருந்தால் ஆவி அந்த வழியாகவே ஓடிவிடும். மிதித்து முடித்து வெளியே வந்தால் கால் கசக்கும். காலைத் தின்று பார்த்தாயா என்று கேட்காதீர்கள், காலைத் தொட்ட கையால் பீடி பிடித்தால் பீடி கசக்கும்.

மூடியைப் போடுவதற்கு முன்னால் அண்ணன் பூசை போடுவார். போன வருஷத்துச் சின்னப் பானைக்குப் பாய்லர் இல்லாததால் அது தேவைப்படவில்லை, இந்தப் பருவத்தில் ஒரு அண்டாவுக்குக்கூட அது தவறாது. மூடியின்மேல் மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். தட்டில் கற்பூரம் ஏற்றி அண்டாவைச் சுற்றிக் காட்டுவார். பிறகு மாதேஸ்வரனை நினைத்துக்கொண்டு கொளுத்தாத கற்பூரத்தில் ஒரு கைப்பிடி அள்ளி, செடியின்மேல் போட்டுவிட்டு, மூடியை இறக்கச் சொல்லுவார். இது சும்மா செய்த காரியமில்லை. அவருடைய பெரியண்ணன் இன்னொருவர் கொட்டகையில் எலுமிச்சைப்புல் தைலம் காய்ச்சப் போனபோது மூடி பறந்து ஆவி முகத்தில் அடித்துவிட்டது. பிழைத்தார், கண் பிழைக்கவில்லை. அன்றைக்குப் பூசை போடாமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள் என்பது ஹனூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாய்லர் உறுமும்போதெல்லாம் அண்ணனின் கை தன் முகத்துக்குப் போய்விட்டு வரும். நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. கொட்டகையில் எப்போதும் தவன வாசனையும் கற்பூர வாசனையும் ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் சட்டை, பாய், களிச்சட்டி எல்லாம் அதே வாசனை. எண்ணெய் மட்டும் வேறு மாதிரி ஏன் இருக்கப்போகிறது என்று யார் யோசிப்பார்கள்?

முதல் கேன்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சாருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கில் துண்டைப் பிடித்துக்கொண்டு, நிறத்தைப் பார்த்தார், தெளிவைப் பார்த்தார், உங்களை நம்பி அனுப்புகிறேன் என்று ஒரு புட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் மிச்சத்தைக் காய்ச்சிக்கொண்டே இருந்தோம். அறுவடை முக்கால்வாசி முடிந்த சமயத்தில் ஆள் அனுப்பினார். அண்ணன் பாய்லரை விட்டு வர முடியாது, என்னைப் போகச் சொன்னார். சைக்கிளில் போனேன்.

பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை நிற்கவைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனப்பா, என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல சார்."

"எஷ்டு சல ஹேளிதீனி. எத்தனை தடவை சொன்னேன், எதையும் சேர்க்காதீங்கன்னு. அவங்க மெஷின்ல போட்டுப் பாத்துட்டாங்க. இப்ப என் மூக்கும் சரியாயிடுச்சு. கேம்ஃபர் இருக்கு. கற்பூரம். கடைக் கற்பூரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கொட்டகையில் எண்ணெய்க்குள் கற்பூரம் போட யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். சிரித்ததில் அவருக்குக் கோபம் கூடிவிட்டது. நீளமான காகிதத் துண்டு ஒன்றை எங்கள் எண்ணெயில் தொட்டு என் மூக்குக்கு நீட்டினார். தவனம்தான். இன்னொரு துண்டைப் போன வருஷத்துச் சின்னப் பானை எண்ணெயில் தொட்டு நீட்டினார். அதுவும் தவனம். மறுபடி முதல் துண்டு. அப்போதுதான் தெரிந்தது. பழத்துக்கு நடுவே பல்லில் மாட்டிய கல் மாதிரி, கற்பூரம்.

நாற்பது வருஷம் சம்பாதித்த பேர் போய்விட்டது என்றார். வத்திக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்கிற சரக்கை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். நான் பாயிடம் வேலை பார்த்தது அவருக்குத் தெரியாது, ஆனால் குறி வைத்த மாதிரி அங்கேயே போய் விழுந்தது.

திரும்பி வந்து சொன்னேன். அண்ணன் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"நீ பாய்கிட்ட இருந்தவந்தானே?" என்றார்.

நான் எண்ணெயைத் திருடி விற்றுவிட்டு, அளவு குறையாமலிருக்கக் கற்பூரத் தைலத்தை ஊற்றி வைத்திருக்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அக்காதான் குறுக்கே வந்தாள். "எண்ணெ வெக்கிற ரூம் சாவி உங்க இடுப்புலதானுங்க தொங்குது. அவன் எந்தச் சந்துல பூந்து எடுத்தான்?" என்றாள்.  அதைக் கேட்டும் அவர் சந்தேகம் போய்விடவில்லை, பேச்சு மட்டும் நின்றது. அன்றைக்கே கிளம்பியிருப்பேன். நான் எங்கேயும் சொல்லிக்கொண்டு போனவன் இல்லை. ஆனால் திருடன் என்ற பேரோடு போவதற்கு மனம் வரவில்லை. பசியை எங்கே கொண்டுபோனாலும் பசிதான், எவனும் கேட்கப்போவதில்லை. இது அப்படி இல்லை.

அதனால் அடுத்த அண்டாவுக்கு நான் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். செடியை நானே போட்டேன், நானே மிதித்தேன். தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். குழாயின் வாயை முகர்ந்தேன். கேனைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். எல்லாம் சுத்தம். வெளியே வந்து நின்றேன். அண்ணன் தட்டைச் சுற்றிக் காட்டினார். பிறகு வழக்கம்போலக் கைப்பிடி நிறைய அள்ளி, அண்டாவுக்குமேல் கையை நீட்டினார்.

அத்தனை அண்டாவுக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் கைக்குள் இருப்பது தெரிந்தது.

"அண்ணா, கையில என்னது?"

"தெரியாதா? சாமிக்கு."

"அதுதான் அண்ணா."

"எது?"

"சார் சொன்ன கற்பூரம் இந்தக் கற்பூரந்தான்."

அவர் கையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் பேசினார். "இம்புட்டுச் செடி கெடக்குது. ஒரு கைப்பிடி எந்த மூலைக்கு? சாமிக்கு வெச்சது கெடுக்குமாடா? உன்ற திருட்ட மறைக்கச் சாமி மேல போடறியா?"

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல வரவில்லை. ஆவி செடியை மட்டும் பார்த்துப் பிழியாது, உள்ளே எது இருந்தாலும் கிளப்பிக்கொண்டு வந்துவிடும் என்பது மாதிரி ஏதோ உளறினேன். அவர் கையைத் திறந்து கற்பூரத்தைப் போட்டார். மூடியை இறக்கு என்றார். நான்தான் இறக்கினேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் மறுபடி விஜயநகருக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. சாரிடம் பூசை விஷயத்தைச் சொன்னேன். கேட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டார். தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒரு வண்டிச் செடி ஒரு சொம்பு எண்ணெயாகச் சுருங்குகிறது, ஆனால் நீங்கள் போட்ட கற்பூரம் சுருங்குவதில்லை, ஆவியில் அப்படியே ஏறி அந்தச் சொம்புக்குள்தான் போய் உட்காரும் என்று விளக்கினார். நான் சொல்லத் தெரியாமல் தவித்தது அதுதான். அப்படியென்றால் நாங்கள் ஏமாற்றவில்லை என்று அவர்களுக்கு எழுதுங்கள் சார் என்றேன்.

"என்னன்னு எழுத? சாமி கும்பிட்டாங்க, அதனால சரக்குல கலப்படம் ஆயிடுச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதட்டுமா? நானே இவ்வளவு வருஷமா இதுல இருக்கேன், எனக்கே இது கதை மாதிரி இருக்கு."

பொய்யாக ஏதாவது, பக்கத்துக் கடையில் கேன் மாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார், அவர்களும் நம்பியிருப்பார்கள். நடந்தது நடந்தபடி இருந்ததால் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சைக்கிளை மிதித்து வரும்போது எதிரே வந்தவர்களையெல்லாம் திட்ட வேண்டும்போல இருந்தது.

அக்கா என்னை நம்பினாள். எப்போது நம்பினாள் என்று தெரியாது. நான் திரும்பி வந்தபோது பூசை மூலையில் கற்பூர டப்பா இல்லை. அவள் தன் துணி மூட்டைக்குள் வைத்துவிட்டாள். அண்ணன் தேடினார், கத்தினார், சாப்பிடாமல் இருந்தார். கடைசிச் செடி வாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் காய்ந்து சருகாகிவிடும். கடைசியில் அவரே கேட்டார், சாமிக்கு எதுவும் வைக்காமல் ஆவியைத் திறக்கச் சொல்கிறாயா என்று. அக்கா அவசரப்படவில்லை. சாமிக்கு வைக்க வேண்டாம் என்று யார் சொன்னது, பாய்லர் காலடியில் வையுங்கள், அண்டாவுக்குள் ஏன் வைக்க வேண்டும், சாமி உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டாள்.

பாய்லர் காலடியில் கற்பூரம் ஏற்றினார்கள். மூடி இறங்கியது. அண்ணன் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் வால்வைத் திறந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி. அண்டாவின் முனகல் நிற்கும்வரை அந்தத் துண்டை எடுக்கவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தேன். அதுவரை அவர்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. திரும்ப ஏறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

மூடி பறக்கவில்லை. தண்ணீரின்மேல் எண்ணெய் தேன் நிறத்தில் மிதந்தது. மூன்று பேருமே விஜயநகருக்குப் போனோம். அக்கா வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

சார் காகிதத் துண்டில் தொட்டு முகர்ந்தார்.  காகிதம் போதாது, இந்த எண்ணெயைத் தோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் வேறு வாசனையாக மாறும் என்றார். தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார், அண்ணனுக்கும் எனக்கும் வைத்தார். அக்காவிடம் குச்சியை நீட்டினார், அவளே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். என் கையில் புகையும் கசப்பும்தான் இருந்தது. அண்ணன் கையில் காய்ந்த புல். அக்காவின் கையை சார் தொடாமல் தூரத்திலிருந்து குனிந்து முகர்ந்தபோது அண்ணனின் கழுத்து விறைத்துக்கொண்டது. சார் அதைக் கவனிக்கவே இல்லை. பழுத்த பழம் மாதிரி, தேன் மாதிரி வருகிறது என்று கன்னடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். போன வருஷத்தைவிட நல்லா இருக்கு" என்றார் பிறகு.

அக்கா அண்ணனைப் பார்த்தாள். சார் புட்டியை மூடினார். அவசரமே இல்லாமல் மீதியைச் சொன்னார். அந்தக் கம்பெனி வேறு ஆளைப் பிடித்துவிட்டது. அவர் எழுதித்தான் பார்த்தார், பூசையைப் பற்றியல்ல, தவறு நடந்துவிட்டது என்று மட்டும். ஒரு தடவை கலந்தவர்களிடம் இனி வாங்குவதில்லை என்று பதில் வந்துவிட்டது. வேறு யாரையும் அவருக்கு இப்போது தெரியாது. இதைத் தன் அலமாரியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் புட்டி மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நல்ல சரக்கு என்றார்.

மட்டம் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. நான் அந்த வார்த்தையைத்தான் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய, களியில் பிசைந்து தின்னவா?

கற்பூரம் ஏறிய எண்ணெய் கேன் கேனாக அறையில் கிடந்தது. அதை விற்றாக வேண்டும். நானே மண்டி மொகல்லாவுக்குப் போய் என் பழைய பாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என்னைத் திருடன் என்று சொன்ன மனிதருக்காக அந்தப் பாயிடமே போய் நின்றேன். பாய் கேனைத் திறந்து விரலைத் தொட்டு, கையில் தேய்த்து, முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"இதுல என்னா போட்டீங்க?" என்று கேட்டார்.

 நான்தான் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. வியாபாரி அல்லவா, உடனே புரிந்துகொண்டார். பூசை வத்திக்கு இது மாதிரி ஒரு வாசனையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். தவனத்தைத் தனியாக வாங்கிக் கற்பூரத்தைத் தனியாகக் கலந்து பார்த்தாயிற்று, பிரிந்து பிரிந்து நிற்கிறது, ஒன்றாக ஆவியில் வெந்து வந்தால்தான் இப்படிச் சேர்ந்து உட்காருகிறது என்றார். இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்கிறேன், வருகிற வருஷமும் முழு அறுவடையும் எனக்கே, ஆனால் இதே மாதிரி வேண்டும் என்றார்.

"இதே மாதிரின்னா?" அண்ணன் கேட்டார்.

"நீங்க போட்ட மாதிரியே. ஒரு கைப்பிடி."

அக்காவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். கல் அடுப்பு, கொட்டகை, மைசூர், எல்லாம் அப்படியே இருக்கும். இவரும் வழக்கம்போலச் செய்ய வேண்டியதுதான். புதிதாக ஒன்றும் வேண்டாம்.

அண்ணன் இருக்கிற கேன்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வருஷம் முடியாது என்றார்.

பாய் போன பிறகு அக்கா கேட்டாள். நானும் கேட்டேன். எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகக் கேட்டோம். இத்தனை நாள் போட்டதுதானே? ஆமாம். அதே கற்பூரம்தானே? ஆமாம். அப்புறம் என்ன? அப்போது சாமிக்குப் போட்டது. இப்போது வாசனைக்குப் போடுவது. கையை நீட்டும்போது என்ன நினைத்துக்கொண்டு நீட்டுவேன் என்று கேட்டார்.

"வேபாரத்துக்குப் போடறத மாதேஸ்வரன் பேரச் சொல்லிப் போட என்னால ஆகாது. பேரச் சொல்லாம போட்டா ஆவியத் தொறக்க என்ற கை வராது" என்றார்.

சாமிக்குப் பாய்லர் காலடியில் வையுங்கள், அண்டாவில் நான் போடுகிறேன் அண்ணா, நீங்கள் வெளியே நில்லுங்கள், பார்க்கவே வேண்டாம் என்றேன். அண்டா என்னுடையது என்றார். அதோடு முடிந்தது. தெரியாமல் செய்தபோது எண்ணெய் கெட்டது, தெரிந்த பிறகு அந்தக் கெட்ட எண்ணெய்க்கே ஆள் வந்தான், இவர் செய்யமாட்டேன் என்கிறார். சுத்தமாகக் காய்ச்சலாம் என்றால் சுத்தமானதை அதற்குரிய விலைக்கு வாங்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நியாயம் இல்லாத ஆளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அண்டாவையும் குழாயையும் நீலகிரித் தைலம் காய்ச்சுகிற ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். குத்தகையை விட்டுவிட்டார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் ஏற்றிக் கொடுத்தேன். கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் பஸ். அண்ணன் பின்சீட்டில் மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டார். இடம் இருந்தும் அக்கா அவர் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பாய் வந்துபோன நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

அண்ணன் என்னை ஹனூருக்கு வந்துவிடு என்று கூப்பிட்டார். நிலத்தில் வேலை இருக்கும், தம்பிகளிடம் சொல்கிறேன் என்றார். சொல்லும்போதே அவர் குரலில் உறுதி இல்லை. பார்க்கலாம் அண்ணா என்றேன். என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி அவர் அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தபோது அக்கா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போனேன்.

"நீ அன்னிக்கிப் பாக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

முதலில் புரியவில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் புரிந்தது. நான் அந்தக் கையைப் பார்க்காமல் இருந்திருந்தால், அண்ணன் ஒன்றும் தெரியாமல் சாமிக்கென்றே போட்டுக்கொண்டிருப்பார். பாய் வருஷா வருஷம் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். நான் மட்டும் திருடனாக இருந்திருப்பேன், அதுவும் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அதற்கு நான் பதில் சொல்ல நினைத்தேன். என் பேர் என்ன அவ்வளவு மலிவா என்று கேட்க நினைத்தேன். பஸ் வாசலைத் தாண்டித் திரும்பிவிட்டது. ஸ்டாண்டுக்கு வெளியே கம்பி கட்ட ஆள் வேண்டுமென்று ஒரு மேஸ்திரி லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் வேலை என்று கேட்டேன். விஜயநகர் என்றார். வேறு இடம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏறிக்கொண்டேன்.